ஏழாம் இணைப்பு

"கண்ணை இறுக்காதீங்க ஐயா, சும்மா மூடிக்கிட்டு இருங்க, முக்கால் மணி நேரம் திறக்கக் கூடாது" என்று சொல்லிப் பஞ்சை என் கையில் வைத்துவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சும்மா மூடுவது எப்படி என்று தெரியவில்லை. தூங்க மூடுகிறோம், பயத்தில் மூடுகிறோம், சாமி முன்னால் மூடுகிறோம், ஒரு காரணமும் இல்லாமல் காலை பதினொரு மணிக்கு ஒரு கூடத்தில் நாற்பது பேருக்கு நடுவில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்த அறுபத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை. கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கிறது. எங்கிருந்து எங்கே போகிறது பார். கண் பாப்பா விரிந்தால்தான் உள்ளே இருக்கிற நரம்பு தெரியும், நரம்பைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். என்ன சொல்ல முடியும் என்று நான் கேட்கவில்லை. இடது ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு உலகம் இல்லை என்பது போன மாதம் நடைபாதையில் சைக்கிள் இடித்தபோதுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை நாளாக இல்லையோ. இல்லாததைக் கண் எனக்குச் சொல்லவே இல்லை, இருக்கிற மாதிரியே நிரவிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் மனைவி கோமதியிடம் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்றுதான் சொல்லி வந்தேன். கூட ஒரு ஆள் வரவேண்டும் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவளுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பயத்தைப் பங்கு போட எனக்கு எப்போதுமே வராது என்பதுதான் சரி.

ஸ்பிரிட் வாசனை. யாரோ பழம் உரிக்கிறார்கள், சாத்துக்குடி. சுவரில் டிவி ஓடுகிறது, ஒரு பெண் கருணைக்கிழங்கு மசியல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனவன் நான், ஆனால் ஒரு நாளும் வரிசையில் உட்கார்ந்ததில்லை. உள் தணிக்கைப் பிரிவிலிருந்து ஆவுடையப்பன் சார் வந்திருக்கிறார் என்றால் எனக்கென்று ஒரு அறை திறப்பார்கள், மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை போட்டுப் பதிவேடுகளை அடுக்குவார்கள். அந்த அறைகளுக்கும் இதே வாசனைதான். இப்போது பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், சேலை உரசும் சத்தம், பை தரையில் வைக்கிற சத்தம், பிறகு ஒரு குரல், "அவியள உள்ள கூட்டிட்டுப் போயிருக்கிய, எப்ப விடுவிய? பயந்த மனுசன், அதான் கேக்கேன்." நர்ஸ் ஏதோ சொன்னாள். "சரி, சரி. கோவிச்சுக்கிடாதிய" என்றது குரல்.

என் கை பஞ்சோடு நின்றது. அந்த 'கோவிச்சுக்கிடாதிய'. இந்தப் பக்கத்தில் ஆயிரம் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள், இது திருநெல்வேலி, வேறெப்படிப் பேசுவார்கள். ஆனால் கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கி, தான் கேட்டதையே திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி ஒருத்திதான் பேசுவாள். சுயம்புக்கனி. பதினோரு வருஷம். அவளாக இருக்காது. அவள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டாள், அவளைத்தான் ஏழு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் தூக்கிப் போட்டார்களே. திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் திறக்கக் கூடாது. திறக்கக் கூடாது என்று இருப்பது எவ்வளவு நல்லது.

அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேக வைத்துக் கிருமி நீக்கும் அறையில் அவளும் லூர்தம்மாள் என்று இன்னொருத்தியும் வேலை பார்த்தார்கள். கறுத்து உயரமான பெண், அப்போது நாற்பது வயது இருக்கும், நீராவியில் நின்று நின்று கன்னம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தடவையும் ஒரே வெப்பம், ஒரே அழுத்தம், ஒரே நிமிஷம். எட்டு மாதம் ஒரு எண் கூட மாறவில்லை. மின்சாரம் நின்ற நாளிலும் மாறவில்லை. இயந்திரம் அப்படி நடக்காது, மனுஷன் கை எழுதினால்தான் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததை நிரூபிக்கத்தான் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து கதவோரம் நின்றாள். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். "சார், இதுல இருவத்தி மூணு நாள் இருக்கு. இந்த நாள்ல எல்லாம் மிஷின் சூடு ஏறவே இல்ல. பொட்டலத்துல ஒட்டுத பட்டை கறுக்கணும், கறுக்கல. மேல சொன்னேன், எழுதிட்டுப் போ, உன் வேலையப் பாருன்னுட்டாவ. பிள்ளை பெத்த பொம்பளையளுக்குத் தையல் போட்ட எடம் சீ வச்சிட்டு சார், மூணு பேருக்கு. அதுல ஒருத்தி என் தெருக்காரி." தாளை நீட்டினாள். நீட்டிவிட்டு விடவில்லை, ஒரு ஓரத்தைப் பிடித்தபடியே கேட்டாள், "என் பேரு வராதுல்லா சார்?" நான் சொன்னேன், "வராதும்மா. என் வாக்கு." அப்புறம்தான் விட்டாள்.

அதில் இருந்த தேதிகளை என் கையால் வேறு தாளில் எழுதிக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும், தட்டச்சு செய்கிற பையன் லீவு, வேறு ஆஸ்பத்திரியில் அடுத்த வேலை, அந்த அவசரத்தில் இணைப்புகளை அடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஏழாவது இணைப்பு. இப்படித்தான் முதலில் சில வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது இல்லை. அவசரத்தில் சேர்ந்து போகிற தாளுக்கு யாரும் எண் போட மாட்டார்கள். வலது மேல் மூலையில் 'இணைப்பு 7' என்று சிவப்புப் பேனாவில் எழுதி வட்டம் போட்டது என் கை. அப்படியானால் மறந்துவிட்டேன், அவளுக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிட்டேன், நாலு நாளில் நாற்பது பேரிடம் பேசுகிறோம், எல்லாம் நினைவில் நிற்குமா. இப்படிக் கொஞ்ச காலம். அதுவும் இல்லை. எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் விடுதி அறையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீல மையில் குண்டு குண்டாக எழுத்து, ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு சின்னக் கோடு. இது இல்லாவிட்டால் மேலதிகாரி ஆதாரம் எங்கே என்பார், ஆஸ்பத்திரி மறுப்பு எழுதும், நான் எழுப்பிய தணிக்கை ஆட்சேபம் தானாக விழுந்துவிடும். இது இருந்தால் ஒருவனாலும் அசைக்க முடியாது. அசைக்க முடியாது என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதுதான் உண்மை. அவள் பெயர் அதில் இல்லையே, எழுத்துதானே இருக்கிறது, எழுத்தைப் பார்த்து யார் கண்டுபிடிப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். இருநூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் அந்த அறைப் பதிவேட்டைத் தினமும் எழுதுகிறவளின் கையெழுத்தை. எட்டு மாதத்துப் பக்கங்களில் அதே கையெழுத்தைத்தான் நானும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தணிக்கையின் நிறைவுக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறிக்கைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஏழில் நின்றார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கே" என்று சிரித்துத் தலைமை நர்ஸிடம் கொடுத்தார். அந்தம்மாளும் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இந்தத் தாளைத் தந்தவருக்கு ஒன்றும் நடக்கக் கூடாது, நடந்தால் அதையும் எழுதுவேன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு அதிகாரம் இருந்தது. தேநீர் வந்தது. சர்க்கரை போதுமா சார் என்று கேட்டார்கள். போதும் என்றேன்.

புது இயந்திரம் ஏழு மாதத்தில் வந்தது. சுதந்திர தினத்தன்று எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். மறுபடி அங்கே போனபோது ஸ்டோர் கீப்பர்தான் சொன்னார், "அந்த உயரமான அம்மாவை அப்பவே வடக்க மாத்திட்டாங்க சார், புள்ள பத்தாம் கிளாஸ், வேண்டாம் வேண்டாம்னு அழுதுச்சி." நான் "அப்படியா" என்றேன். பதினோரு வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த 'அப்படியா'தான். துறை இயக்குநருக்கு அவளைத் திருப்பி மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன், மூன்று தடவை எழுதினேன், ஒவ்வொரு தடவையும் 'என் தவறால்' என்கிற இடத்தில் வந்து பேனா நின்றுவிடும். அனுப்பவில்லை. எத்தனை பெண்கள் புண் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், அதை ஒரு பக்கம் வை, இவளை ஒரு பக்கம் வை என்று ராத்திரிகளில் வைத்துப் பார்ப்பேன். சமன் ஆவது போல இருக்கும். விடிந்ததும் ஆகாது. அந்தப் பெண்களைக் காப்பாற்றியதும் இவள்தானே, இரண்டு பக்கத்திலும் இவளைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிவிடும்.

"ஆவுடையப்பன் ஐயா, கண்ணைத் திறந்தீங்களா? இன்னொரு சொட்டு" என்று நர்ஸ் இமையை விரித்தாள். ஒரு கணம் வெளிச்சம், மங்கலாக மஞ்சள் சேலை, அவ்வளவுதான், மருந்து விழுந்தது, மூடிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி அசைந்தது.

"சார், நீங்க... ஆடிட் சார்தான?"

இல்லை என்று சொல்லலாம். கண் மூடிய கிழவன், ஆள் மாறிவிட்டது என்று சொன்னால் நம்புவாள். "ஆமாம்மா" என்றேன்.

"நெனச்சேன் சார், வந்து உக்காரும்போதே மூஞ்சி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சி, பேரைக் கூப்பிடவும்தான் சரின்னு பட்டுச்சி. நான் சுயம்புக்கனி சார். அந்த மிஷின் ரூம்ல..."

"தெரியும்மா. குரல் கேட்டதுமே தெரியும்."

"இத்தன வருசம் கழிச்சா!" என்று சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டாள். கண்ணுக்கு என்ன, சர்க்கரை இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள். தன் வீட்டுக்காரருக்குப் புரை என்றாள். மகள் கட்டிக்கொடுத்தாகிவிட்டதாம், பத்தாவதில் ஒரு வருஷம் போய்த் திரும்ப எழுதினாளாம். வடக்கே இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்து, முடியாமல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாளாம், இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆயாவாம். எல்லாவற்றையும் மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்களால புது மிஷின் வந்துச்சாம்லா சார். ஊர்ல எல்லாரும் சொன்னாவ. நான் இவியகிட்ட அடிக்கடி சொல்லுவேன், எத்தனையோ ஆபீசர் வந்தாவ, சொன்ன சொல்லைக் காப்பாத்தினது அந்த சார் ஒருத்தர்தான்னு. என் பேரு வெளிய போனது உங்களால இல்ல. கூட இருந்தவதான் கெடுத்தா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. இவளுக்குத் தெரியாது. அறிக்கையை இவள் பார்க்கவே இல்லை, யார் காட்டப் போகிறார்கள், ஏழாம் இணைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பதினோரு வருஷமாக நான் இவள் முன்னால் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன் மனசுக்குள், இவளோ அங்கே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கதவு தானாகத் திறந்து கிடக்கிறது. ஒன்றும் சொல்ல வேண்டாம். நல்லா இரும்மா என்று சொன்னால் போதும், பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடலாம். எனக்குக் கண் போகப்போகிறதோ என்னவோ, இந்த வயதில் ஒரே ஒருத்தி நம்மை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் நாக்கு கேட்டுவிட்டது, "யாரும்மா கெடுத்தது?"

"லூர்தம்மாதான் சார். அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அந்தத் தாளை எழுதும்போது பக்கத்துல இருந்தா. தலைமை நர்ஸ் என்னக் கூப்பிட்டு, கூட வேலை பாக்குறவளை ரொம்ப நம்பிட்ட போலன்னு சிரிச்சிது. என்ன மாத்தினாவ, அவள மாத்தல. அப்புறம் என்ன சார்? பதினாலு வருசம் ஒரே தூக்குச்சட்டியில தின்னோம். நான் பஸ் ஏறுத அன்னைக்கு வந்து கதவத் தட்டினா, தொறக்கல. வேலைய விட்டுட்டு வந்த பொறவும் வந்தா. மூஞ்சி குடுக்கல. போன வருசத்துக்கு முந்தின வருசம் கான்சர் வந்து கெடையில கெடந்தா சார். மகளத் தூது விட்டா. நான் சொல்லல கனின்னு மட்டும் போய்ச் சொல்லிட்டு வான்னாளாம். அந்தப் பிள்ளை ஜெனிபா, வாசல்ல நின்னு சொல்லிட்டு அழுதா. நான் போவல. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. எழவுக்கும் போவல."

டிவியில் கருணைக்கிழங்கு முடிந்து ஏதோ விளம்பரம். யாருடைய டோக்கனையோ கூப்பிட்டார்கள். நான் ஒருத்திக்குச் செய்ததைத்தான் இவ்வளவு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி இருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத ஒருத்தி, பதிவேட்டில் இரண்டாவது கையெழுத்தாக மட்டும் எனக்குத் தெரிந்தவள், சாகும்வரைக்கும் இவள் கதவையே தட்டியிருக்கிறாள். அந்தக் கடிதத்தை மூன்றில் ஒரு தடவை அனுப்பியிருந்தால். ஒரு தபால் அட்டை இவளுக்குப் போட்டிருந்தால். இரண்டு வருஷம் முன்னால்கூட. இப்போது சொன்னால் யாருக்கு என்ன. செத்தவளுக்கு ஒன்றும் இல்லை, இவளுக்குத்தான் புதிதாக ஒரு சுமை, நான் இறக்கி வைப்பதை இவள் தூக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் இவளுக்கு நான் செய்கிற நல்லது என்று தோன்றியது, அப்படித் தோன்றிய வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. வாசலில் நின்று அழுத பிள்ளை உயிரோடுதானே இருக்கிறாள்.

"சுயம்புக்கனி, லூர்தம்மா சொல்லலம்மா."

"நீங்க சும்மா இருங்க சார், உங்களுக்கு அவளப் பத்தித் தெரியாது."

"உன் தாளை நான் அறிக்கையில வச்சேன். உன் கையால எழுதின அதே தாள். கண்காணிப்பாளர் அதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சார். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

நான் கண்ணைத் திறந்தேன். கூடம் முழுக்க வெளிச்சம் வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் மஞ்சளாக ஒரு சேலை, அதன் மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரைந்த கறுப்பு. அழுகிறாளா, முறைக்கிறாளா, தெரியவில்லை. பேசிவிட்டால் தேவலை என்று இருந்தது. "எழவுக்குக்கூடப் போவலயே சார்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்புறம் பையைத் திறக்கிற சத்தம். மடியில் ஏதோ தாள் விழுந்தது, கையில் ஒரு பேனாவைத் திணித்தாள். "எழுதித் தாங்க. ஜெனிபாகிட்டக் காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டா, நானும் அவ அம்மைய நம்பலல்லா."

என் கையே எனக்குப் பஞ்சு மாதிரித் தெரிந்தது, தாளில் கோடு இருந்ததா இல்லையா தெரியாது, பழக்கத்தில் எழுதினேன். வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து விரலை வைத்துப் படித்தாள், "தணிக்கையின்போது... பெறப்பட்ட தாள்... அறிக்கையுடன் இணைக்கப்பட்டுவிட்டதால்... விவரம் வெளியாக நேர்ந்தது." நின்றாள். "இதுல யாரு செஞ்சான்னு இல்லையே சார்."

இல்லைதான். முப்பத்து மூன்று வருஷம் நான் எழுதியதில் எதிலும் இருந்ததில்லை.

தாளைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். எழுதினேன். ஜெனிபா, உன் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சுயம்புக்கனி எழுதிய தாளை அறிக்கையில் வைத்தவன் நான். வெளியே தெரியாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தெரிந்தே வைத்தேன். கீழே பெயர், பழைய பதவி, இன்றைய தேதி. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம். அவள் சத்தமில்லாமல் படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் வாய் விட்டுச் சொன்னாள், "தெரிஞ்சே."

"ஆமாம்மா."

"தெரிஞ்சேதானா சார்?"

"தெரிஞ்சேதான்."

தாளை மடித்தாள், இரண்டாக, நாலாக. நானும் வருகிறேன், அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள். இந்தத் தடவை 'சார்' என்று சேர்க்கவில்லை. உள் கதவு திறந்தது, நர்ஸ் யாரையோ மெல்லக் கூட்டிவந்து விட்டாள், மஞ்சள் எழுந்து அந்தப் பக்கம் போயிற்று. ஒரு வயதான ஆண் குரல், "யாருட்டி அது, பேசிக்கிட்டிருந்த?"

"அந்த ஆஸ்பத்திரிக்கு ஆடிட்டுக்கு வந்தவரு."

"யாரு, நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லுவியே, அவரா?"

காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தேன். இரண்டு பேர் நடக்கிற சத்தம் வாசல் வரைக்கும் போயிற்று.

"படி இருக்கு" என்றாள் அவள், "பாத்துக் கால வைங்க."